டைரக்ட் கொடுத்து அனுப்பாதீர்கள்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் கேரேஜ்களில் கார் வயரிங் பார்க்கும் தம்பிகளுக்கு,

உங்களில் சிலருக்கு என்னைத் தெரியும். பலருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அளவுக்குப் பெரிய ஆளும் இல்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வளர்ந்தேன். மாட்டுங்காவில் ஒரு உஸ்தாதிடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தேன். பிறகு செம்பூரில் சின்னதாக ஒரு கடை. இப்போது கடையை மருமகன் பார்த்துக்கொள்கிறார். நான் ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கை ஓய்ந்தவனுக்குக் கண் நன்றாக வேலை செய்யும். அந்தக் கண்ணில் பட்டதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன ஜூலை மழையில் ஒரு கார் டோ பண்ணி வந்தது. பத்து வயசு தாண்டிய பெட்ரோல் வண்டி. செல்ஃப் அருமையாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்க மாட்டேன் என்கிறது. வண்டிக்கார அம்மா ஓய்வுபெற்ற டீச்சர்; கிங்ஸ் சர்க்கிள் பக்கம் வீடு. கைப்பையிலிருந்து மூன்று பில்லை எடுத்து, பரீட்சைத் தாள் மாதிரி என் முன்னால் அடுக்கினார். முதல் பில்லில் ஃபியூயல் பம்ப் ரிலே. இரண்டாவதில் பம்ப் அசெம்பிளி, அதுதான் பெரிய தொகை. மூன்றாவது பில்லில் ஒரே ஒரு சொல்: "டைரக்ட்".

பின்சீட்டைத் தூக்கினேன். முன்னாலிருந்து கார்ப்பெட்டுக்கு அடியில் ஒரு சிவப்பு வயர் ஓடிவந்து பம்ப் கப்ளருக்குப் பின்னால் முறுக்கிச் சுற்றப்பட்டிருந்தது. வழியில் ஃபியூஸ் கிடையாது. சீட்டின் இரும்புக் கம்பி அழுத்தி அழுத்தி, வயரின் உறை நசுங்கி, செம்பு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு சாண் கீழே பெட்ரோல் டேங்க்.

யார் செய்த வேலை என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்க வேண்டாம். அவசரத்தில் நானும் ஒரு காலத்தில் இப்படிப் பம்புக்கு நேராக வயர் இழுத்து, டைரக்ட் கொடுத்து வண்டி அனுப்பியவன்தான். அதனால்தான் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

நான் தொழில் படித்தது பத்மினியில். இங்கே குர்லா ஃபேக்டரியில் பிறந்து, கறுப்பும் மஞ்சளுமாக இந்த ஊர் ரோட்டையே நிறைத்த வண்டி. அதில் பெட்ரோல் பம்புக்குக் கரண்டே கிடையாது. இன்ஜினின் விலாவில் ஒட்டிக்கொண்டிருக்கும். கேம்ஷாஃப்ட் சுற்றச் சுற்ற ஒரு நெம்புகோல் ஆடும். உள்ளே டயஃப்ரம் ஏறி இறங்கி, டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து கார்ப்புரேட்டருக்குத் தள்ளும். மே மாத வெயிலில் சயான் சிக்னலில் வண்டி மூச்சு முட்டி நின்றால், குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். டாக்ஸிக்காரர் பதறமாட்டார். ஈரத்துணியைப் பம்ப் மேல் போட்டுவிட்டு ஒரு கட்டிங் சாய் குடித்து வருவார், வண்டி கிளம்பிவிடும். 2023 அக்டோபரோடு கடைசி பத்மினி டாக்ஸியும் ரோட்டை விட்டுப் போய்விட்டது. அந்த ஈரத்துணி வைத்தியமும் அதோடு போனது.

ஆனால் அந்தக் கிழட்டு பம்பில் ஒரு நல்ல குணம் இருந்தது. இன்ஜின் நின்றால் பம்ப் நின்றது. வேறு யாரும் நிறுத்த வேண்டாம். வண்டி மோதினாலும், கவிழ்ந்தாலும், இன்ஜின் அணைந்த கணமே பெட்ரோல் தள்ளுவதும் நின்றுவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இந்த இடத்துக்குத் திரும்ப வர வேண்டியிருக்கிறது.

இன்ஜெக்‌ஷன் வந்ததும் பம்ப் டேங்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பேட்டரியில் ஓடும் மோட்டார் அது. நம் ஊரில் ஓடும் சாதாரண பெட்ரோல் கார்களில் 3 முதல் 4 பார் வரை அழுத்தம் வைக்கும். காரின் டயருக்கு நாம் 32 பிஎஸ்ஐ காற்று அடிக்கிறோம். 3 பார் என்றால் அது 43 பிஎஸ்ஐக்கு மேல். அந்த அழுத்தத்தில் சீறுவது காற்றில்லை, பெட்ரோல். இந்தப் பம்பை இன்ஜினோடு கட்டிப்போட கேம்ஷாஃப்ட் கிடையாது. அந்த வேலையை ஒரு தீப்பெட்டியைவிடச் சின்ன டப்பாவிடம் கொடுத்தார்கள். அதுதான் ரிலே.

இலங்கைத் தமிழர்கள் ரிலே ரேஸை அஞ்சலோட்டம் என்பார்கள். ஒருவர் ஓடிவந்து அடுத்தவர் கையில் கோலைக் கொடுப்பது. இதுவும் அப்படித்தான். இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசியு கையில் இருப்பது கொஞ்சமே கொஞ்சம் கரண்ட். ஒரு ஆம்பியரில் ஆறிலோ ஏழிலோ ஒரு பங்கு. பம்புக்கு வேண்டியது நாலிலிருந்து ஏழு ஆம்பியர். ஈசியு தன் சின்னக் கரண்டை ரிலேயின் காயிலுக்குக் கொடுக்கும். காயில் காந்தமாகி உள்ளே இருக்கும் தகட்டை இழுக்கும். 'டிக்' என்று பாயின்ட் ஒட்டிக்கொள்ளும். பேட்டரியின் பெரிய கரண்ட் பம்புக்கு ஓடும். அடியில் எழுதியிருக்கும் எண்கள் ஜெர்மன்காரர்கள் வைத்தவை: 30-ல் பேட்டரி கரண்ட் வருகிறது, 87-ல் பம்புக்குப் போகிறது, 85-ம் 86-ம் காயிலின் இரண்டு முனைகள். இந்த நாலு எண்ணும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இனி ஈசியு எப்போது அந்த டிக்கை அடிக்கும் என்பது. சாவியை ஆனில் வைத்ததும் இரண்டு மூன்று வினாடி பம்பை ஓட்டி, குழாயில் அழுத்தம் ஏற்றிவிட்டு விட்டுவிடும். பிறகு செல்ஃப் அடிக்கும்போது, கிராங்க் சென்சார் 'இன்ஜின் சுற்றுகிறது' என்று சொன்னால்தான் மறுபடி பிடிக்கும். சென்சாரின் செய்தி நின்றால் உடனே பிடியை விட்டுவிடும். பத்மினியின் கேம்ஷாஃப்ட் செய்த காவலை இங்கே கிராங்க் சென்சாரும் ஈசியுவும் ரிலேயும் சேர்ந்து செய்கின்றன.

இந்த ஒழுங்கு புரிந்தால், வண்டி பிடிக்காதபோது எங்கே தொடங்குவது என்பதும் புரியும். நான் போகும் வழியைச் சொல்கிறேன்.

முதலில் காது. ரோட்டோரக் கடையில் இது சிரமம், தெரியும். பெட்ரோல் மூடியைத் திறந்துவிட்டு, பையனைச் சாவி போடச் சொல்லி, பின்சீட்டில் காதை வையுங்கள். 'ம்ம்ம்' என்று இரண்டு வினாடி முனகல் கேட்டால் பம்ப் ஓடுகிறது. ரிலேயை விட்டுவிட்டு அழுத்தத்தையும் ஸ்பார்க்கையும் பாருங்கள். டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்பதையும்தான். சிரிக்காதீர்கள், சிஎன்ஜி வண்டிகளில் இதுவே பாதிக் கதை.

சத்தம் இல்லையென்றால் ஃபியூஸ். போயிருந்தால், அதே ஆம்பியரில் ஒரே ஒரு முறை மாற்றுங்கள். மறுபடி போனால் எங்கோ வயர் பாடியைத் தொடுகிறது, இல்லை பம்ப் இறுகிவிட்டது. 15 போகிறதே என்று 30 போடுகிறவனும், சிகரெட் பெட்டித் தகட்டைச் சுற்றிச் செருகுகிறவனும் ஃபியூஸைக் காப்பாற்றிவிட்டு வயரைப் பலி கொடுக்கிறார்கள்.

அடுத்து ரிலே. விரலை மேலே வைத்துக்கொண்டு சாவி போடச் சொல்லுங்கள். டிக் என்று தட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது. அதற்காக ரிலே நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே பாயின்ட் கருகியிருந்தாலும் டிக் சத்தம் வரத்தான் செய்யும். பக்கத்தில் இருக்கும் ஹாரன் ரிலேயையோ ஏசி ரிலேயையோ மாற்றிப் போட்டுப் பார்ப்பது நல்ல வழி. ஆனால் மேலே அச்சிட்ட படத்தைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பார்க்க ஒன்றாக இருக்கும் சில ரிலேக்களில் 30-ம் 86-ம் இடம் மாறியிருக்கும். சிலவற்றில் காயிலுக்குக் குறுக்கே டயோடு இருக்கும். பிளஸ் மைனஸ் மாறினால் செத்துவிடும். கழற்றிய கையோடு 85, 86 இடையே மீட்டர் வையுங்கள். பெரும்பாலும் 70-லிருந்து 100 ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது.

தொண்ணூறுகளின் ஹோண்டா வண்டிகளில் வேலை பார்த்த பெரியவர்களைக் கேளுங்கள். அந்த மெயின் ரிலே உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. உள்ளே சால்டர் விரிசல் விட்டிருக்கும். காலையில் ஒன்றும் தெரியாது, மத்தியான வெயிலில் நிறுத்தி எடுத்தால் கிளம்பாது. வண்டியைக் கடைக்குள் நிழலில் விட்டதும் கிளம்பிவிடும். நாம் 'ஓகே' சொல்லி அனுப்புவோம். மறுநாள் வெயிலில் மறுபடி ஃபோன் வரும். குறை எப்போது வருகிறது என்று வண்டிக்காரரிடம் கேட்காதவன் அந்த ரிலேயை ஆயுளுக்கும் பிடிக்க முடியாது.

டிக்கே வரவில்லையா? காயிலின் ஒரு முனையில் சாவி போட்டதும் கரண்ட் வருகிறதா பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் மறுமுனைக்கு ஈசியுதான் எர்த் கொடுக்கும். சிலவற்றில் தலைகீழ், டயகிராம் பார்த்துக்கொள்ளுங்கள். எல்இடி டெஸ்டரின் கிளிப்பைப் பேட்டரி பிளஸ்ஸில் போட்டு, அந்த முனையைத் தொட்டால், சாவி போட்ட இரண்டு வினாடி எரிய வேண்டும். இங்கே பெரிய பல்பு டெஸ்டர் வேண்டாம். அது இழுக்கும் கரண்டை ஈசியு தாங்காது. எரியவில்லையென்றால் ஈசியுவைக் குறை சொல்வதற்கு முன், மீட்டரில் சாவிப் படம் போட்ட இம்மொபிலைசர் லைட் சிமிட்டுகிறதா என்று பாருங்கள். முதல் இரண்டு வினாடி எரிந்துவிட்டு, செல்ஃப் அடிக்கும்போது எரியவில்லையென்றால், ஸ்கேனரில் ஆர்பிஎம் பாருங்கள். இன்ஜின் சுற்றும்போதும் பூஜ்யம் என்றால் குறை ரிலேயிலும் இல்லை, பம்பிலும் இல்லை, கிராங்க் சென்சார் பக்கம் இருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் மாற்றப்பட்ட நல்ல பம்புகள் குர்லா சிஎஸ்டி ரோட்டுப் பழைய சாமான் கடைகளில் எத்தனை கிடக்கின்றனவோ!

ஸ்கேனர் பி 0230 என்றோ, பி 0627 என்றோ காட்டும். அது பம்ப் சர்க்யூட்டில் குறை என்று தெருப் பெயரை மட்டும் சொல்கிறது. வீட்டு நம்பரை நாம்தான் தேட வேண்டும். அதைப் பார்த்ததும் பம்பை ஆர்டர் செய்வது, தாராவி என்று மட்டும் எழுதிய கடிதத்தை முதல் வீட்டில் போடுகிற மாதிரி.

இனி அந்த டீச்சரம்மா வண்டிக்கு வருகிறேன். சிவப்பு வயரை முதலில் பிடுங்கினேன். ரிலே டிக் அடித்தது. பம்ப் முனகவில்லை. கப்ளரைக் கழற்றி, அதன் இரண்டு முனைக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தேன். சாவி போட்டதும் 12.5 வோல்ட். கடையில் வேலை பழகும் பையன் உடனே, "கரண்ட் வருதே மாமா, பம்புதான் போச்சு" என்றான். முந்தைய ஆளும் இதைத்தான் பார்த்திருப்பார், இதைத்தான் சொல்லியிருப்பார். அதனால்தான் பம்ப் மாறியது.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். சாலில் தண்ணீர் வரும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். குழாய் பாதி அடைத்திருக்கிறது. வாயில் கையை வைத்து மூடினால் கையைத் தள்ளிக்கொண்டு வரும். 'ஆகா, ஃபோர்ஸ் இருக்கே' என்று தோன்றும். கையை எடுத்துக் குடத்தை வைத்தால் நூல் மாதிரி ஒழுகும். மல்டிமீட்டர் என்பது குழாயை மூடிய கை. அது கரண்டை இழுப்பதே இல்லை. ஒரே ஒரு இழை செம்பு ஒட்டிக்கொண்டிருந்தாலும் 12 வோல்ட் காட்டும். குடத்தை வைத்துப் பார்க்க வேண்டும். நம் பாஷையில் சொன்னால், லோடு கொடுத்துப் பார்க்க வேண்டும்.

என் குடம் ஒரு பழைய எச்4 ஹெட்லைட் பல்பு. ஒரு ஃபிலமென்ட் போய், ஒன்று உயிரோடு இருக்கும் பல்பு. 55 வாட், ஓடும் பம்ப் இழுக்கிற அளவு கரண்டை அதுவும் இழுக்கும். ரிலேயைக் கழற்றிவிட்டு, 30-க்கும் 87-க்கும் நடுவே 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஜம்பர் வயரைப் போட்டேன். பம்ப் மூடியைத் திறக்கவில்லை. நாலு கதவையும் திறந்து வைத்து, நீளமான வயரில் பல்பைக் காருக்கு வெளியே கொண்டுவந்து எரிய விட்டேன். சூடான பல்பையும் பெட்ரோல் ஆவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது, தம்பிகளே. பீடி பற்ற வைக்கும் ஆளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பல்பு மஞ்சளாக, அழுமூஞ்சியாக எரிந்தது. அதன் இரண்டு முனையில் அளந்தால் 7.1 வோல்ட். பேட்டரியில் 12.4 இருக்கிறது. மீதி எங்கே? மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும், மறுமுனையைக் கப்ளரின் பிளஸ்ஸிலும் வைத்தேன்: 0.3. ஃபியூஸ், ரிலே சாக்கெட், நீள வயர் எல்லாம் சேர்ந்து தின்றது அவ்வளவுதான். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் குறை சொல்ல மாட்டேன். பிறகு கப்ளரின் மைனஸுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே வைத்தேன். 5.0. கூட்டிப் பாருங்கள்: 7.1, 0.3, 5.0. மொத்தம் 12.4. காணாமல் போன வோல்ட் எங்கும் ஓடிவிடவில்லை, எர்த்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். கார்ப்பெட்டைத் தூக்கியதும் ஈர நாற்றம். கதவுப் படிக்கு உள்பக்கம் பாடியில் ஒரு போல்ட்டில் எர்த் முடிகிறது. போல்ட்டைச் சுற்றித் துரு. செம்பு வளையத்தில் பச்சைக் களிம்பு. சைவ சித்தாந்தம் பேசுகிறவர்கள் செம்போடு கூடவே பிறந்தது களிம்பு என்று உயிருக்கும் மலத்துக்கும் உவமை சொல்வார்கள். அவர்கள் நம் தொழிலைப் பார்த்துத்தான் சொன்னார்களோ என்று எனக்குச் சில நாள் தோன்றும். "வண்டி தண்ணியில நின்னுச்சாம்மா?" என்று கேட்டேன். "போன வருஷம் காந்தி மார்க்கெட் பக்கம், சீட் வரைக்கும் வரலை, கால் மட்டும்தான் நனைஞ்சது" என்றார்.

கால் மட்டும் நனைந்தது. எர்த் போல்ட்டின் உயரம் அதுதான். பழைய பம்ப் அந்த எர்த்தில் திணறியது. புது பம்ப் புது மோட்டார் என்பதால் கொஞ்ச நாள் ஓடியது. துரு வளர்ந்ததும் அதுவும் நின்றது. டைரக்ட் வயர் பிளஸ் பக்கத்தில் கால் வோல்ட்டை மிச்சம் பிடித்துக் கொடுத்தது. அதில் இன்னும் கொஞ்ச நாள் முக்கி முனகி ஓடியது. மூன்று பில்லும் போட்டவர்கள் பிளஸ்ஸிலேயே சுற்றிக்கொண்டிருக்க, மைனஸை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் செய்தது உப்புத்தாள் போட்டுப் பாடியைச் சுரண்டி, புது வளையம் அடித்து, போல்ட் மாற்றி, மேலே கிரீஸ் தடவியது. மறுபடி அளந்தேன், எர்த் பக்கம் 0.1. பல்பு வெள்ளையாக எரிந்தது. ரிலேயைச் செருகி, கப்ளரை மாட்டி, சாவி போட்டதும் பின்சீட்டுக்கடியில் அந்த முனகல். டீச்சரம்மா வெளியே நின்றுகொண்டே, "இந்தச் சத்தம் முன்னாடி கேட்கும்" என்றார்.

நம் ஊர் இந்த வேலைக்கென்றே படைத்த ஊர், தம்பிகளே. கடல் காற்று ஒரு பக்கம். மழை ஒரு பக்கம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. அதன் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் முழுகிய வண்டிகளின் வயரிங்தான் எங்களுக்குச் சோறு போட்டது. அந்த அளவு மழை தினம் வராது. ஆனால் கிங்ஸ் சர்க்கிள், சயான், செம்பூர் போஸ்டல் காலனி என்று கால் நனைகிற தண்ணீர் வருஷா வருஷம் வருகிறது. வண்டி உள்ளே வரும்போது தண்ணீரில் நின்றதா என்று கேட்பது, டாக்டர் ஜுரம் எத்தனை நாள் என்று கேட்கிற மாதிரி. அதைக் கேட்காமல் மீட்டரை எடுக்காதீர்கள். அப்புறம் எலி. ஒரு வாரம் கட்டடத்துக்குக் கீழே நின்ற வண்டியென்றால் முதலில் ஹார்னஸைப் பாருங்கள்.

சிஎன்ஜி வண்டியென்றால் இன்னொரு கேள்வி: வெளியில் போட்ட கிட்டா, கம்பெனி கிட்டா? வெளியில் போட்டதென்றால் பம்ப் வயரை வெட்டி நடுவே இன்னொரு ரிலே சொருகியிருக்கலாம்; முறுக்கி டேப் சுற்றிய அந்த ஜாயின்டுதான் பல நேரம் குற்றவாளி. இன்னொன்று, நம் டாக்ஸிக்காரர்கள் பெட்ரோலை ரிசர்வ் லைட் எரியும் அளவிலேயே வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள். பல கிட்டுகளில் வண்டி கேஸில் ஓடும்போதும் பெட்ரோல் பம்ப் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். டேங்கில் இருக்கும் பெட்ரோல்தான் அந்த மோட்டாரைக் குளிர வைக்கிறது. வறண்ட டேங்கில் சுற்றினால் வெந்துவிடும். 'அண்ணே, எப்பவும் பத்து லிட்டர் வைங்க' என்று சொல்லி அனுப்புங்கள். பம்ப் விற்பனை குறையும். பரவாயில்லை, ஆள் திரும்பி வருவார்.

பம்பே போயிருக்கும் வண்டிகளும் உண்டு, மறுக்கவில்லை. அதை மாற்றுவதற்கு முன் சேஸிஸ் நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். 2020 ஜூனில் ஹோண்டா 65,651 வண்டிகளைப் பம்ப் மாற்றித் தரத் திரும்ப அழைத்தது. 2024 மார்ச்சில் மாருதி, 2019 ஜூலை 30-க்கும் நவம்பர் 1-க்கும் நடுவே தயாரான 11,851 பலேனோ, 4,190 வேகன் ஆர் வண்டிகளை பம்ப் மோட்டார் குறைக்காக அழைத்தது. அந்த வண்டி உங்கள் கடைக்கு வந்தால் இலவசமாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பும் பெருந்தன்மை வேண்டும். நம் கையை விட்டுப் போவது ஒரு பம்பின் கமிஷன்தான்.

இப்போது விட்ட இடத்துக்கு வருகிறேன். இன்ஜின் நின்றால் பம்ப் நின்றது. டைரக்ட் கொடுத்த வண்டியில் அது இல்லை. சாவி ஆனில் இருக்கும் வரை பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும். ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் ஒரு டைரக்ட் வண்டி முன்னால் போகும் டெம்போவில் மோதுகிறது என்று வையுங்கள். இன்ஜின் அணைந்துவிட்டது. ஓட்டியவர் மயக்கத்தில் இருக்கிறார், சாவியைத் திருப்ப ஆளில்லை. முன்னால் பெட்ரோல் குழாய் அறுந்திருக்கிறது. கிராங்க் சென்சார் அமைதியாகிவிட்டது. ஈசியு 'நிறுத்து' என்று கையை விட்டுவிட்டது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டிய ரிலேயைத்தான் நாம் வழியிலிருந்து எடுத்துவிட்டோமே! பின்சீட்டுக்கடியில் பம்ப், தெரியாத்தனமாக, சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கும். பத்மினியில்கூட நடக்காத ஒன்றை நம் கையால் செய்து, அதற்கு பில்லும் போட்டிருக்கிறோம். புது வண்டிகள் சிலவற்றில் ரிலேக்குப் பதில் பம்ப் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மாட்யூலே இருக்கிறது. அங்கே டைரக்ட் கொடுத்தால் மாட்யூலும் சேர்ந்து போகும்.

உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியாமல் இல்லை. டாக்ஸிக்காரர் வாசலில் நிற்பார். வண்டி நின்ற ஒவ்வொரு மணிக்கும் அவருக்குக் காசு போகிறது. "சாலு கர் தே பாய்" என்பார். சேட் உள்ளேயிருந்து அடுத்த வண்டியைக் காட்டுவார். டைரக்ட் கொடுக்கப் பத்து நிமிஷம், குறையைத் தேட ஒரு மணி நேரம், அந்த ஒரு மணி நேரத்துக்குக் காசு கேட்டால், "என்ன மாத்துனே?" என்பார்கள். பார்ட்டுக்குக் காசு கொடுக்கும் ஊர், பார்த்ததற்குக் காசு கொடுக்க யோசிக்கும். அதற்கு ஒரு வழி சொல்கிறேன்: அளந்த எண்ணை பில்லில் எழுதுங்கள். 'எர்த் 5.0 வோல்ட் இருந்தது, 0.1 ஆக்கப்பட்டது' என்று. டீச்சரம்மா பில்லில் நான் அப்படித்தான் எழுதினேன். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, கேட்ட கூலியைக் கொடுத்தார். மற்ற மூன்று பில்லிலும் அவருக்குப் புரிகிற மாதிரி ஒரு எண்கூட இல்லை, ரூபாயைத் தவிர.

டைரக்ட் வயரைக் கையாலேயே தொடாதீர்கள் என்று சொல்லவில்லை. ஃபியூஸ் வைத்த ஜம்பராகக் கடைக்குள் சோதிக்க அது இருக்கட்டும். சாவி வண்டிக்காரர் கைக்குப் போகும்போது ரிலே அதன் இடத்தில் இருக்க வேண்டும், சோதனை வயர் உங்கள் பெட்டிக்குள் திரும்பியிருக்க வேண்டும். முடியாத நாளில், "இன்றைக்கு முடியவில்லை, வண்டி இங்கேயே நிற்கட்டும்" என்று சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தச் சிவப்பு வயரை நான் குப்பையில் போடவில்லை. கடையில் விளக்கு மாடத்துக்குப் பக்கத்தில், நசுங்கிய இடம் வெளியே தெரிகிற மாதிரி, ஆணியில் தொங்குகிறது. அதற்குக் கீழே ஒரு அட்டைப் பெட்டி. வருஷக்கணக்காகக் கழற்றிப் போட்ட எச்4 பல்புகளில், ஒரு ஃபிலமென்ட் இன்னும் எரிகிறதை மட்டும் பொறுக்கி வைத்திருக்கிறேன். அடுத்த மழை தொடங்குவதற்குள் இந்தப் பக்கம் வந்தால் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். வயர் மட்டும் நீங்களே கொண்டு வர வேண்டும்.

அன்புடன்,
செம்பூரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும்
உங்கள் அண்ணாச்சி